குனியத் தெரிந்தவர்களின் பாதை

புனேயின் விமான் நகருக்குப் பக்கத்துச் சாலையில் ஆண்டுக்கு ஒரு நாள் லட்சக்கணக்கானவர்கள் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். பாட்டும் மழையும் மண்ணும் சேர்ந்து அகந்தையைக் கரைக்கின்றன. கரையாத சிலவும் மிச்சமிருக்கின்றன.

விமான் நகரில் இருப்பவர்கள் ஆகாயத்தை மறக்க முடியாது. லோஹெகாவ் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு விமானம் கிளம்பினால் டீக்கடையில் பேச்சு நிற்கும். இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல் பிரிட்டிஷார் அமைத்த விமானத்தளம் அது. அதை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கு விமானத்தின் பெயரே நிலைத்துவிட்டது. அடுக்குமாடிகள் வந்தன. சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன. சிம்பயாசிஸ் கல்வி நிறுவனங்கள் வந்தன. 2011-ல் ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி என்ற பிரம்மாண்டமான கடைவளாகமும் வந்தது. பல மாநிலத்துக்காரர்கள் கலந்து வாழும் இந்த வட்டாரத்தில் தமிழும் காதில் விழும். இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் மேலே ஏறுவதற்காக வந்தவர்கள்: சம்பளத்தில், பதவியில், மாடியில்.

ஜூனிலோ ஜூலைத் தொடக்கத்திலோ ஒரு நாள், இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே உள்ள விஷ்ராந்த்வாடிச் சாலையில், இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நடக்கிறது. அன்று வண்டிகள் வேறு பாதையில் திருப்பிவிடப்படுகின்றன. ஆலந்தியிலிருந்து காவிக் கொடிகளும் வெள்ளைத் தொப்பிகளும் கைத்தாள ஓசையுமாக ஒரு மனித வெள்ளம் நகருக்குள் நுழைகிறது. மராட்டியக் கிராமங்களின் விவசாயிகள், கூலிக்காரர்கள், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள். ஓரத்தில் நிற்கும் நகரவாசி ஒருவர் குனிந்து ஒரு கிழவரின் பாதத்தைத் தொடுகிறார். அவர் விலகுவதில்லை, ஆசி கூறிவிட்டு நகர்ந்துவிடுவதும் இல்லை. தானும் குனிந்து, தன்னைத் தொட்டவரின் பாதத்தைத் தொடுகிறார். வயதோ, படிப்போ, பணமோ இதில் கணக்கில்லை. யார் யாரைச் சந்தித்தாலும் இருவரும் குனிய வேண்டும் என்பதுதான் வழக்கம். அவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல் ‘மாவுலி’. மராட்டியில் அதற்குத் தாய் என்று பொருள்.

இதுதான் வாரி. பண்டரிபுரத்து விட்டலனைக் காண நடந்தே செல்லும் யாத்திரை. போகிறவர்கள் வாரகரிகள். ஆலந்தியிலிருந்து ஞானேஸ்வரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்படுகின்றன. இரண்டு ஊர்களும் இந்திராயணி நதிக்கரையில், புனேக்கு அருகிலேயே உள்ளன. இரு பல்லக்குகளும் புனேயில் தங்கிவிட்டு, பிறகு வெவ்வேறு பாதையில் பிரிகின்றன. ஒன்று ஹடப்சர், திவே காட், சாஸ்வட், ஜெஜுரி வழியாகவும், மற்றது லோணி, யவத், பாராமதி, இந்தாபூர் வழியாகவும் செல்லும். சுமார் 250 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று வாரம். ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசிக்கு முன்னால் எல்லோரும் பண்டரிபுரத்தில் இருப்பார்கள்.

விமான் நகர் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் உலகமும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. ‘ஐ.டி. திண்டி’ என்றே பெயர் வைத்துக்கொண்ட குழு ஒன்று உண்டு. திண்டி என்பது சேர்ந்து நடக்கும் குழுவைக் குறிக்கும் சொல். மூன்று வாரம் விடுப்பு எடுக்க முடியாதவர்கள் ஆலந்தியிலிருந்து புனே வரை ஒரு நாள், புனேயிலிருந்து சாஸ்வட் வரை ஒரு நாள் என்று நடக்கிறார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பழகிய கால்களுக்கு திவே காட் மலைப்பாதை ஏற்றம் எளிதானதல்ல. பக்கத்தில் எழுபது வயதுப் பாட்டி வெறுங்காலுடன், பாடிக்கொண்டே முந்திப் போவார். பதவியும் சம்பளமும் அந்த ஏற்றத்தில் உதவுவதில்லை.

பாட்டு சுமக்கும் கால்கள்

வாரியில் யாரும் மௌனமாக நடப்பதில்லை. நடையின் எரிபொருள் பாட்டு. ஞானேஸ்வர், நாமதேவர், ஏக்நாதர், துக்காராம் ஆகியோரின் அபங்கங்களைத்தான் பாடுகிறார்கள். ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் கொடிக்காரர்கள், அடுத்து தாளக்காரர்கள், நடுவே பக்வாஜ் வாசிப்பவர், வீணை ஏந்தியவர், பின்னால் துளசி சுமக்கும் பெண்கள். வீணைக்காரருக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அது அவருடைய வித்தைக்குக் கிடைக்கும் மரியாதை அல்ல. வீணையைக் கீழே வைக்கக் கூடாது என்பதுதான் அவருடைய பொறுப்பு. அவருக்குக் கை ஓய்ந்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். வாத்தியம் நிலையானது, வாசிக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். இங்கே பாடகர் வேறு, ரசிகர் வேறு என்று கிடையாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். நூறு பேர் வாங்கிப் பாடுவார்கள். தனியாக உயர்ந்து ஒலிக்கும் குரலைக் கூட்டம் மெல்ல விழுங்கிவிடும். அபங்கத்தின் யாப்பும் அதற்கேற்ப அமைந்தது. திருகையில் மாவரைக்கும் பெண்கள் பாடிய ‘ஓவி’ என்ற நாட்டுப்பாட்டு வடிவத்தோடு உறவுள்ள எளிய கட்டமைப்பு அது. எழுத்தறியாதவரும் நாலு முறை கேட்டால் பாடிவிடலாம். நாமதேவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்த ஜனாபாய் பாடிய அபங்கங்கள், எழுநூறு ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருப்பதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

அந்தத் திருகைப் பாட்டுகளின் அளவு என்ன என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. புனேயைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும், பிரான்ஸிலிருந்து வந்து புனேயில் தங்கிவிட்ட கி புவாத்வேனும் 1980-களில் தொடங்கிக் கிராமம் கிராமமாகச் சென்று இப்பாடல்களைத் திரட்டினார்கள். சேர்ந்தவை ஒரு லட்சத்துக்கும் மேல். விடியலுக்கு முன் இருட்டில், கேட்க ஆளில்லாமல், மாவோடு மாவாகக் கொட்டிப்போன பாட்டுகள் அவை. கைதட்டலை எதிர்பாராமல் இவ்வளவு கலை இந்த மண்ணில் நடந்திருக்கிறது என்பதே தம்மைக் கலைஞர் என்று நினைத்துக்கொள்ளும் எவரையும் சற்று அடக்கிவைக்கும்.

மழைக்குக் கட்டுப்பட்டவர்கள்

வாரி நடப்பது மழை தொடங்கும் காலத்தில். முதல் மழையில் விதைத்துவிட்டுத்தான் விவசாயி கிளம்புகிறார். அதற்குமேல் அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. முளைப்பதும் கருகுவதும் வானத்தின் கையில். மழை பெய்தால் வாரகரிகள் பிளாஸ்டிக் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். இரவில் கூடாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ படுக்கை. தொடைக்குக் கீழே சேறு. நகரத்திலிருந்து வருகிறவருக்கு இயற்கை என்பது வார விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒன்று. இங்கே அது மேலேயே கொட்டுகிறது.

வழியில் ‘ரிங்கண்’ என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. திறந்த வெளியில் கூட்டம் வட்டமாக நிற்க, நடுவே இரண்டு குதிரைகள் ஓடும். ஒன்றின் மேல் கொடி பிடித்த வீரர். இன்னொன்றின் மேல் யாருமில்லை. அது ஞானேஸ்வருக்கான குதிரை. ஓட்டம் முடிந்ததும் கூட்டம் பாய்ந்து வந்து குதிரைக் குளம்பு பட்ட மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறது. விலை உயர்ந்த செல்போன் வைத்திருப்பவரும், அதைத் தொட்டே பார்க்காதவரும் அந்தப் புழுதியில் ஒன்றாக மண்டியிடுகிறார்கள்.

இந்த மரபில் இயற்கைக்குக் கிடைக்கும் இடத்துக்கு துக்காராமின் வாழ்க்கையே சாட்சி. அவர் 17-ஆம் நூற்றாண்டில் தேஹுவில் தானிய வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1630-ஐ ஒட்டித் தக்காணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில் முதல் மனைவியையும் மகனையும் இழந்தார். வியாபாரம் நொடித்தது. ஊரார் தம் குடும்பத்துக்குத் தரவேண்டிய கடன்களின் பத்திரங்களில் தம்முடைய பங்கை இந்திராயணியில் எறிந்துவிட்டார் என்கிறது வரலாற்று மரபு. பிறகு ஊருக்கு வெளியே உள்ள பண்டாரா குன்றில் போய் உட்கார்ந்தார். மரங்களையும் கொடிகளையும் காட்டு விலங்குகளையும் உறவினர்களாகப் பாவித்துப் பாடினார். இறைவனிடம் அவர் கேட்டது பெருமையை அல்ல, சிறுமையை. எறும்பைப் போலச் சிறியவனாக இருக்க வரம் வேண்டினார். அவர் பெயரில் வழங்கும் அபங்கங்கள் 4,500-க்கும் அதிகம்.

தோட்டக்காரரான சாவதா மாளியின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சோலாப்பூர் மாவட்டத்து ஆரண் கிராமத்தைச் சேர்ந்த அவர் பண்டரிபுரத்துக்கே போகவில்லை. தம் காய்கறிப் பாத்தியிலேயே விட்டலனைக் கண்டார். வேலையை விட்டுவிட்டு வர முடியாதவரைத் தேடி விட்டலனே தோட்டத்துக்கு வந்தான் என்று மக்கள் சொல்கிறார்கள். செடிக்குத் தண்ணீர் விடும் வேலையையே வழிபாடாகக் கொண்டவரை இந்த மரபு ஞானியர் வரிசையில் வைத்தது.

வேகாத பானை

வாரகரிகளின் கதைகளில் பெரும்பாலானவை கர்வம் உடைந்த கதைகள்தான். ஆலந்தியில் இன்றும் ஒரு சுவரைக் காட்டுகிறார்கள். யோக சித்திகளில் கர்வம் கொண்ட சாங்தேவர், புலியின் மேலேறி, பாம்பைச் சாட்டையாக வைத்துக்கொண்டு இளைஞர் ஞானேஸ்வரைப் பார்க்க வந்தாராம். ஞானேஸ்வரும் உடன்பிறந்தவர்களும் ஒரு குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சுவரே நகர்ந்துபோய் அவரை எதிர்கொண்டது என்பது கதை. உயிருள்ள பிராணியை அடக்கி வந்தவர், உயிரில்லாத சுவர் அன்புக்கு அசைந்ததைக் கண்டு இறங்கினார். பிறகு ஞானேஸ்வரின் தங்கை, சிறுமி முக்தாபாய்க்குச் சீடரானார். ஞானேஸ்வர் குடும்பமே பெரியவர்களால் ஊர்விலக்கு செய்யப்பட்ட குடும்பம். 1290-ல் கீதைக்கு அவர் மராட்டியில் செய்த விரிவுரை, வடமொழி அறியாதவர்களுக்காகச் செய்யப்பட்டது. 1296-ல் ஆலந்தியில் சமாதி அடைந்தபோது அவருக்கு வயது 21 என்பது மரபு.

இன்னொரு கதை குயவர் கோராவினுடையது. ஒருநாள் அடியார்கள் கூடியிருந்தபோது, யாருடைய பானை வெந்தது, யாருடையது வேகாதது என்று சோதிக்கச் சொன்னார்கள். கோரா பானை தட்டும் கட்டையை எடுத்து ஒவ்வொருவர் தலையிலும் தட்டிக்கொண்டே வந்தார். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். நாமதேவருக்குக் கோபம் வந்துவிட்டது. விட்டலனோடு நேரில் பேசுகிறவர் என்று பெயரெடுத்தவர் அவர். ‘இது வேகாத பானை’ என்று தீர்ப்பானது. நாமதேவர் அவமானத்தோடு போய் ஒரு குருவைத் தேடினார் என்று கதை முடிகிறது. பண்டரிபுரம் கோயிலின் வாசலில் முதல் படிக்கு இன்று ‘நாமதேவர் படி’ என்று பெயர். வருகிறவர்களின் கால் தூசி தம்மேல் படவேண்டும் என்று அவர் விரும்பியதாக நம்பிக்கை. தலையில் தட்டியதைப் பொறுக்காதவர், கடைசியில் கால் படும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த நம்பிக்கையில் தெய்வமும் காத்திருக்கத் தெரிந்ததுதான். தாய் தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டரீகன், வந்த கடவுளிடம் ஒரு செங்கல்லை எறிந்து, அதில் நில் என்றான். விட்டலன் இடுப்பில் கைவைத்தபடி இன்னும் அந்தச் செங்கல் மேல் நிற்கிறான். தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ இந்தப் புராணத்தை ஒட்டியதுதான். பெற்றோரை உதைத்தவன் கால்களை இழந்து, பணிந்த பிறகு திரும்பப் பெறும் கதை அது.

தமிழ்ச் செவிக்குப் பழகிய ஓசை

புனேக்கு வேலைக்காக வந்த தமிழர்கள் வாரியின் பாட்டைக் கேட்டு அந்நியமாக உணராததற்குக் காரணம் உண்டு. மராட்டிய மன்னர்கள் 1855 வரை தஞ்சையில் இருந்தார்கள். அவர்களோடு வந்த கீர்த்தனை முறை தமிழகத்துக் கதாகாலட்சேபத்தின் வடிவத்தையே மாற்றியது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பஜனை மடங்களில் அபங்கங்கள் இன்றும் ஒலிக்கின்றன. 1938-ல் வந்த ‘துக்காராம்’ தமிழ்ப் படத்தில் அந்த வேடத்தில் நடித்தவர் முசிரி சுப்பிரமணிய ஐயர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் புனேயின் பிரபாத் கம்பெனி எடுத்த மராட்டி ‘சந்த் துக்காராம்’, 1937-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. தாம்லேயும் ஃபத்தேலாலும் இயக்கிய அந்தப் படத்தில் துக்காராமாக நடித்த விஷ்ணுபந்த் பக்னீஸ் பலருக்கும் துக்காராமாகவே ஆகிவிட்டார். பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி இயங்குகிறது.

பணிவையும் பாட்டையும் செடிகொடியையும் ஒன்றாகச் சேர்த்த மனிதர்கள் தமிழிலும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய விப்ரநாராயணர், பாசுரங்களும் பாடினார். ஆனால் தமக்கென்று வைத்துக்கொண்ட பெயர் தொண்டரடிப்பொடி. அடியார்களின் கால் தூசி என்று பொருள். நாமதேவர் கேட்ட படியும் தொண்டரடிப்பொடியின் பெயரும் ஒரே எண்ணத்தின் இரண்டு வடிவங்கள். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்களுக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

தனித்தனிப் பந்தி

எல்லாம் இவ்வளவு அழகாக முடிந்துவிடுவதில்லை. விமான் நகரிலிருந்து சற்றுத் தொலைவில், எரவாடாவில் இருக்கிறது டெக்கான் கல்லூரி. அங்கே பணியாற்றிய மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே தாமே வாரியில் நடந்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மகாராஷ்டிரம் என்பது பண்டரிபுரத்துக்குப் போகிறவர்களின் நாடு என்ற புரிதல் அவருக்கு அந்தப் பயணத்தில்தான் வந்தது. அதே கட்டுரையில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினார். பகலெல்லாம் சேர்ந்து பாடி நடந்தவர்கள், சாப்பாட்டு வேளையில் சாதி வாரியாகப் பிரிந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். குனிந்து கால் தொட்ட கை, சோற்றைத் தொடவிடவில்லை. அது அவர் மனதை உறுத்தியது.

எழுத்தாளர் தி.பா. மோகாஷியும் வாரியில் நடந்து 1964-ல் ‘பால்கி’ என்ற நூலை வெளியிட்டார். பக்தியில் கரைந்துவிடாமல், பார்த்ததை எழுதியவர் அவர். கால் வலி, கூட்டம், அழுக்கு, அன்பு எல்லாம் அதில் இருக்கின்றன.

காயம் பழையது. சொக்காமேளா 14-ஆம் நூற்றாண்டின் பெரிய அடியார். மஹார் சாதியில் பிறந்ததால் கோயிலுக்குள் அனுமதி கிடையாது. மங்களவேடாவில் கோட்டைச் சுவர் கட்டும் வேலையில் இருந்தபோது சுவர் இடிந்து விழுந்து மாண்டார். அவருடைய சமாதி பண்டரிபுரம் கோயில் வாசலில் நாமதேவர் படிக்கு எதிரே இருக்கிறது. நாமதேவர் வாசலில் கிடந்தது அவராக விரும்பி. சொக்காமேளா வாசலில் நின்றது மற்றவர்கள் நிறுத்தியதால். பணிவு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்க முடியாது. தமிழர்களுக்கு நந்தனார் நினைவுக்கு வராமல் போகாது.

அந்த வாசல் திறந்தது 1947-ல்தான். தாழ்த்தப்பட்டவர்களுக்குக் கோயிலைத் திறக்கக் கோரி சானே குருஜி அந்த ஆண்டு மே மாதம் பண்டரிபுரத்தில் உண்ணாவிரதம் இருந்தார். இந்தியா சுதந்திரம் அடைய மூன்று மாதம் இருக்கையில் கதவு திறந்தது. பரம்பரைப் பூசாரிகளின் உரிமை 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிவுக்கு வந்தது. ஆண்டுதோறும் லட்சம் பேர் குனிந்தும், இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஒரு நாள் நடக்கும் நகரவாசிகள் மீதும் விமர்சனம் உண்டு. நெற்றியில் கோபிசந்தனம் இட்டு, படம் எடுத்து, மறுநாள் காலை அதே அதிகாரத்தோடு அலுவலகத்தில் உட்கார்ந்தால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய வாரகரிகள் அப்படி யாரையும் விரட்டுவதில்லை. வந்தவருக்கு ஒரு ஜோடித் தாளத்தைக் கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். வரிசையில் அடியைத் தவறவிட்டால் பின்னால் வருகிறவர் மேல் மோதவேண்டியிருக்கும். தாளத்துக்குக் கட்டுப்படுவதே முதல் பாடம். துளசி மாலை போட்டு நிரந்தர வாரகரி ஆகிறவருக்கு நிபந்தனைகள் கடுமை: மது கூடாது, மாமிசம் கூடாது, பொய் கூடாது, வாரியைத் தவறவிடக் கூடாது.

கடைசி நிபந்தனையை இயற்கையே உடைத்த சமயமும் உண்டு. கொரோனா பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடை நிறுத்தப்பட்டது. பாதுகைகள் அரசு பஸ்ஸில் பண்டரிபுரம் போயின. துக்காராமின் மகன் நாராயண மகாராஜ் 1685-ல் பல்லக்கு ஊர்வலத்தைத் தொடங்கிவைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைபத்பாபா ஆலந்திப் பல்லக்கை ராணுவ ஒழுங்கோடு அமைத்தார். பஞ்சம், போர், ஆட்சி மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி வந்த ஊர்வலம், கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றுக்கு வழிவிட்டது. வாரகரிகள் வீட்டு வாசலில் நின்று பாடினார்கள்.

நுரை பொங்கும் நதி

இன்று வாரியின் முன்னால் நிற்கும் பெரிய கேள்வி கோயில் கதவைப் பற்றியதல்ல, ஆற்றைப் பற்றியது. துக்காராம் கடன் பத்திரங்களை எறிந்த இந்திராயணி, ஆலந்திப் படித்துறையில் வெள்ளை நுரையோடு ஓடிய படங்கள் சமீப ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. லோனாவாலாப் பக்கத்து மலையில் பிறக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் நகரத்தைக் கடப்பதற்குள் தொழிற்சாலைக் கழிவையும் சுத்திகரிக்காத சாக்கடையையும் சுமந்துகொள்கிறது. அந்த நுரைக்குள் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வாரகரிகள் நடையைத் தொடங்குகிறார்கள்.

வழியில் அசுத்தம் சேராமலிருக்க அண்மைக் காலத்தில் ‘நிர்மல் வாரி’ என்ற முயற்சி நடக்கிறது. தங்குமிடங்களில் தற்காலிகக் கழிப்பறைகள் வைக்கப்படுகின்றன. தொண்டர்கள் விடியற்காலையில் கிராமங்களைச் சுத்தம் செய்கிறார்கள். பெருக்குகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். இதுவும் குனிந்து செய்யும் வேலைதான். ஆனால் நடக்கிறவர்கள் விட்டுச்செல்லும் குப்பையைவிட, நடக்காதவர்கள் அன்றாடம் அனுப்பும் அழுக்கு அதிகம்.

மேற்கு மகாராஷ்டிரத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இது புரியும். இந்திராயணி துலாப்பூரில் பீமாவில் கலக்கிறது. விமான் நகர் உட்பட புனே நகரத்தின் சாக்கடை நீர் சேரும் முளா-முட்டா ஆறும் கிழக்கே ஓடி அதே பீமாவில்தான் கலக்கிறது. பீமா உஜனி அணைக்குள் போய், வெளியே வந்து, பண்டரிபுரத்தில் பிறைபோல வளைவதால் சந்திரபாகா என்று பெயர் பெறுகிறது. மூன்று வாரம் நடந்துவந்த கிழவி கண்ணை மூடிக்கொண்டு மூழ்குவது இந்தத் தண்ணீரில்தான். வரிசையில் நிற்கத் தெம்பில்லாத பலர் குளித்துவிட்டுக் கோபுரக் கலசத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் தரிசனத்தில் பாதி அந்த ஆறு.

ஆகவே விமான் நகரிலிருந்து பண்டரிபுரத்துக்கு நடந்து போகாதவர்களும் தினந்தோறும் எதையோ அங்கே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொட்டியைத் திறந்தால் ஓடும் நீர், பாத்திரம் கழுவிய சோப்பு, துணி துவைத்த நுரை எல்லாம் சுத்திகரிப்பில் நிற்காமல் தப்பினால் போய்ச் சேரும் திசை ஒன்றுதான். பத்தாவது மாடியிலிருந்து பார்க்கையில் ஆறு ஒரு கோடு மாதிரி அழகாகத் தெரியும். அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க, கீழே இறங்கிவந்து சற்றுக் குனிய வேண்டும்.